கிடை வண்டிக்கு இரண்டாவது பேட்டரி

கயத்தாறிலிருந்து அய்யனாரூத்துப் பக்கம் போகிறவர்களுக்கு அந்தக் காட்சி பழகினதுதான். கண்ணுக்கு எட்டிய மட்டும் கரிசல், அதில் வரிசை வரிசையாகக் காற்றாலைகள். செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆனி ஆடியில் இறங்கும் காற்று அவற்றைச் சுற்றுகிற சுற்றில் பக்கத்தில் நின்று பேசுவதுகூடக் கேட்காது. அறுவடை முடிந்த காட்டில், அந்தக் காற்றாலைகளின் காலடியிலேயே செம்மறிக் கிடை கிடக்கும். இருட்டின பிறகு உச்சியில் சிவப்பு விளக்கு மின்னும். கீழே கிடையில் ஒரு டார்ச் வெளிச்சம் அங்குமிங்கும் நடக்கும்.

"தலைக்கு மேல கரண்டு ஓடுது. நமக்கு ஒரு போன் சார்ஜ் போட ஊருக்குள்ள நடக்கணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார் ஒரு கிடைக்காரப் பெரியவர். வயது 60-ஐத் தாண்டியவர். மூன்று குடும்பத்து ஆடுகள் சேர்ந்து 180 உருப்படி அவர் பொறுப்பில். பெரும்பாலும் வேம்பூர் பொட்டு ஆடுகள், கொஞ்சம் கீழக்கரிசல். கரிசலில் மாசி பங்குனிக்குள் அறுப்பு முடிந்ததும் அங்கே கிடை போடுவார்கள். பிசான அறுவடை முடிந்த தாமிரபரணி வயல்களுக்கு அப்புறம் இறங்குவார்கள். புரட்டாசி விதைப்புக்கு முன்னால் திரும்பி மேட்டுத் தரிசு பார்த்து ஒதுங்கிவிடுவார்கள். வருசத்தில் வீட்டில் தூங்குகிற நாள் ரொம்பக் குறைவு.

முன்பெல்லாம் இடம் மாற்றுவது கழுதை முதுகிலும் மாட்டு வண்டியிலும் நடந்தது. இப்போது குட்டியானை. நாலு வருசத்துக்கு முன்னால் மகன் கடனில் ஒன்று எடுத்தான். பின்னால் தார்ப்பாய் போட்டு, ஒரு பக்கம் பலகை அடித்து, அதையே வீடாக்கிவிட்டார்கள். அரிசி மூட்டை, அடுப்பு, தண்ணீர் கேன், கிடை வலை, குட்டி அடைக்கும் குடாப்பு, ஆட்டு மருந்துப் பெட்டி எல்லாம் அதற்குள்தான். மருமகளும் கைக்குழந்தையும் படுப்பதும் அதில்தான். பெரியவர் மட்டும் கட்டிலைக் கிடைக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்வார்.

அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஓய்வு பெற்றவர்கள் படுக்கை, சமையலறை எல்லாம் உள்ள பெரிய வண்டியில் ஊர் ஊராகச் சுற்றுகிறார்கள். மோட்டார் ஹோம் என்று அதற்குப் பெயர். அவர்களுக்கு அது பொழுதுபோக்கு, நம் கிடைக்காரருக்குப் பிழைப்பு. ஆனால் மின்சாரத்தில் இரண்டு பேருக்கும் ஒரே சிக்கல். அந்த வண்டிகளில் ஒரு வழக்கம் உண்டு: எஞ்சினைக் கிளப்ப ஒரு பேட்டரி, வீட்டுக்கு வேறொரு பேட்டரி. இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. இந்த ஒரு விசயம் தெரியாமல் போனதால்தான் பெரியவர் குடும்பம் ஒரு ராத்திரியில் 11 குட்டிகளை இழந்தது.

அது பங்குனிக் கடைசி. கடம்பூர்ப் பக்கம் பருத்தி எடுத்து முடிந்த காட்டில் கிடை. தெரு நாய்த் தொல்லை அதிகம் என்று கிடையின் நாலு மூலைக்கும் மகன் எல்.இ.டி. பல்பு கட்டியிருந்தான். வயர் நேராக வண்டி பேட்டரியிலிருந்து வந்தது. வண்டிக்குள் குழந்தைக்குச் சின்ன ஃபேன், அதுவும் அதே பேட்டரியில். வண்டி மூன்று நாளாக நகரவில்லை. நடுச்சாமத்துக்கு மேல் மேற்கே இடி இறங்கியது. கரிசல்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: மழை விழுந்து அரை மணி நேரத்துக்குள் வண்டியைத் தார் ரோட்டுக்கு ஏற்றிவிட வேண்டும். அதன் பிறகு கால் வைத்தால் செருப்பு வராது, சக்கரம் எங்கே வரும்?

மகன் சாவியைத் திருகினான். 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். செல்ஃப் எடுக்கவில்லை. தள்ளிக் கிளப்பலாம் என்று மூன்று பேரும் கை வைத்தார்கள். அதற்குள் மண் பிடித்துக்கொண்டது. பல்பும் அணைந்துவிட்டது. குளிரில் விறைத்த குட்டிகளைத் தார்ப்பாய்க்குள் வாரிப் போட இருட்டில் தடவித்தான் தேட வேண்டியிருந்தது. விடிந்தபோது குடாப்புக்குள் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. வண்டி நான்கு நாள் அங்கேயே நின்றது. டிராக்டர் வைத்து இழுத்த கூலி தனி.

"பேட்டரி பழசாயிருக்கும், புதுசு மாத்துங்க" என்றார்கள் எல்லோரும். பழசு இல்லை, எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. வண்டி பேட்டரி செய்யப்பட்டிருப்பது வேறு வேலைக்கு. எஞ்சினைக் கிளப்பும்போது அது நூறு, இருநூறு ஆம்பியரை நான்கைந்து விநாடிக்குள் கொட்டுகிறது. கணக்குப் போட்டால் ஒரு தடவைக்கு அரை ஆம்பியர்-மணிகூடச் செலவாகாது, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அது திரும்ப நிரம்பிவிடும். அதற்குத் தோதாக உள்ளே ஈயத் தகடுகளை மெல்லிசாக, நிறைய வைத்திருப்பார்கள். ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வடிய விட்டால் அந்தத் தகடு தாங்காது. சில தடவை முழுக்க வடிந்தாலே பேட்டரி பாதி செத்த மாதிரிதான். ஓட்டப்பந்தயக்காரனைக் கூப்பிட்டு மூட்டை சுமக்க விட்ட கதை.

அடுத்ததாக மகன் ஒரு ட்யூபுலர் பேட்டரி வாங்கி வைத்தான், வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடுகிற வகை. யோசனை தப்பில்லை. தடித்த தகடு, மெல்ல வடிய ஏற்றது. ஆனால் அது ஓரிடத்தில் அசையாமல் இருக்கப் பிறந்தது. காட்டு வழியில் குலுங்கின குலுக்கலில் ஆசிட் தெறித்து, கிடை வலையில் ஒரு பக்கம் பொடிந்துபோனது. தூளிக் கயிறு வரைக்கும் ஆசிட் வந்திருந்ததைப் பார்த்த அன்றைக்கே அதை இறக்கிவிடச் சொன்னாள் மருமகள். இறக்குவதற்கும் இரண்டு ஆள் வேண்டியிருந்தது. நிலையான வீட்டில், தோட்டத்து அறையில் அதே பேட்டரி நன்றாக உழைத்திருக்கும். அப்படி இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ட்யூபுலரைத் தூக்கிப் போட வேண்டாம்.

மருமகள் பன்னிரண்டாவது வரை படித்தவள். கிடைக் கூலிக் கணக்கு, குட்டி போட்ட தேதி, தடுப்பூசி எல்லாம் எழுதுகிற நோட்டு அவளிடம்தான். கடைக்காரர் "எத்தனை ஏ.எச். வேணும்?" என்று கேட்டதற்குப் பதில் தெரியாமல் மகன் திரும்பி வந்தபோது, அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். மூலை பல்பு 4, ஒவ்வொன்றும் 5 வாட், ராத்திரிக்கு 11 மணி நேரம்: 220 வாட்-மணி. வண்டிக்குள் 3 வாட் பல்பு 4 மணி நேரம்: 12. ஃபேன் 12 வாட், 8 மணி நேரம்: 96. போன் மூன்று, ஆளுக்கு 15 வீதம்: 45. டார்ச் இரண்டு: 20. மொத்தம் 393. அரை யூனிட்கூட இல்லை! ஊருக்குள் இருக்கிற வீட்டில் கரண்டு பில்லில் கண்ணுக்கே தெரியாத அளவு அது.

இந்த ஒரு பக்கக் கணக்கைப் போடாமல்தான் பெரும்பாலானவர்கள் கடைக்குப் போகிறார்கள். கடைக்காரர் தன்னிடம் இருப்பதை விற்பார், அதில் அவரைக் குறை சொல்லவும் முடியாது. தகடு எத்தனை வாட் என்பதற்கு முன்னால், ராத்திரி எத்தனை வாட்-மணி செலவு என்று தெரிய வேண்டும்.

393-ஐ 12.8 வோல்ட்டால் வகுத்தால் 31 ஆம்பியர்-மணி. ஈயப் பேட்டரியைப் பாதிக்குக் கீழே வடிய விடக் கூடாது. அப்படியென்றால் ஒரு ராத்திரிக்கே 60-க்கு மேற்பட்ட ஆம்பியர்-மணிப் பேட்டரி வேண்டும். குட்டியானையின் சொந்த பேட்டரி அதற்குக் குறைந்ததுதான். அன்றைக்குச் செல்ஃப் எடுக்காததன் காரணம் நோட்டின் அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது.

லித்தியம் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. போனில் இருப்பது ஒரு வகை. வண்டி வீட்டுக்கு ஏற்றது லித்தியம் இரும்பு பாஸ்பேட். சூடு தாங்குவதில் அது போன் பேட்டரியைவிட நிதானமானது, எளிதில் தீப்பற்றாது. அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் குட்எனஃப் என்ற விஞ்ஞானியின் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது இந்த வகை. 1997-ல் வெளியான அந்த ஆய்வுக் கட்டுரையில் முதலில் வரும் இரண்டு பெயர்கள் பாதி, நஞ்சுண்டசுவாமி. குட்எனஃபுக்கு லித்தியம் பேட்டரிக்காக 2019-ல் நோபல் பரிசு கிடைத்தபோது வயது 97.

இந்த வகையில் 100 ஆம்பியர்-மணிப் பேட்டரி 1,280 வாட்-மணி கொள்ளும். அதில் ஐந்தில் ஒரு பங்கை மிச்சம் வைத்தாலும் 1,024 கிடைக்கும். மருமகளின் கணக்குப்படி இரண்டரை ராத்திரிக்கு அது போதும். எடை 11, 12 கிலோ. அவள் ஒருத்தியே தூக்கி வைக்கலாம். ஆசிட் இல்லை, டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டாம். இரண்டாயிரம் தடவைக்கு மேல் ஏற்றி இறக்கலாம் என்று பெட்டியிலேயே எழுதியிருக்கும். விலை மட்டும் அதே அளவு ஈயப் பேட்டரியைவிட இரண்டு மடங்குக்கு மேல். எட்டயபுரம் சந்தையில் ஆறு கிடாக்குட்டிகளை விற்றுத்தான் பேட்டரி, தகடு, கன்ட்ரோலர் எல்லாம் வாங்கினார்கள். பெரியவருக்கு மனசே இல்லை. "செத்த குட்டி பதினொண்ணு, விக்கிற குட்டி ஆறு. பதினேழு குட்டிய இந்தப் பெட்டி தின்னுருச்சு" என்றார்.

சோலார் தகடு 160 வாட். நம் பக்கத்தில் வருசச் சராசரியாக ஒரு நாளைக்கு முழு வெயில் கணக்கில் 5 மணி நேரம் கிடைக்கும். தூசி, சூடு, வயர் என்று முப்பது சதவீதம் கழித்தால் 560 வாட்-மணி. ராத்திரி போனது 393, பகலில் வருவது 560. கணக்கு இடிக்கவில்லை.

இடித்தது வேறு இடத்தில். தகட்டை வண்டிக் கூரையில் ஆணி அடித்துப் பதித்துவிட்டார்கள். கிடைக்காரன் பகலில் வண்டியை எங்கே நிறுத்துவான்? வேம்பு நிழலில்தானே! குழந்தை உள்ளே தூங்குகிறது, இளம் குட்டிகள் வண்டிக்கு அடியில். வெயிலில் நிறுத்தினால் தகடு சாப்பிடும், ஆட்கள் வேகும். நிழலில் நிறுத்தினால் ஆட்கள் பிழைப்பார்கள், தகடு பட்டினி. அதிலும் தகட்டின் ஒரு மூலையில் மட்டும் கிளை நிழல் விழுந்தாலே வரத்து பாதிக்கு மேல் குறைந்துவிடும். உள்ளே கண்ணாடிக் கட்டங்கள் ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்திருப்பதால், ஒரு கட்டம் அடைத்தால் வாய்க்காலில் மண் விழுந்த மாதிரி மொத்த ஓட்டமும் தடைப்படும். ஒரு நாள் வேம்பு, பனை எதுவுமே இல்லாத வெட்டவெளியில் நிறுத்தியும் மத்தியானம் சார்ஜ் ஏறி ஏறி இறங்கியது. நிமிர்ந்து பார்த்தால் காற்றாலைக் கோபுரத்தின் நிழல்!

பத்தாம் நாள் தகட்டைக் கூரையிலிருந்து கழற்றி, இரும்புக் கால் அடித்து, தனியாக எடுத்து வைக்கிற மாதிரி ஆக்கினார்கள். 10 மீட்டர் வயர். வண்டி நிழலில், தகடு வெயிலில். இங்கே ஒரு எச்சரிக்கை. வீட்டில் பல்புக்கு இழுக்கிற ஒல்லி வயரைப் போட்டால் வழியிலேயே கரண்டு சூடாகிப் போய்விடும். 10 ஆம்பியர் ஓடும்போது 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் போய்வரும் 20 மீட்டருக்கு 2.4 வோல்ட் தொலைகிறது. 4 சதுர மில்லிமீட்டர் போட்டால் ஒரு வோல்ட்டுக்குள் நிற்கும். அவர்கள் முதலில் போட்டது ஒல்லிதான். ஆடு மிதித்தும் குட்டி கடித்தும் அது எப்படியும் ஒரு மாதம் தாங்கியிருக்காது.

தகடு போதாத மழை நாளுக்கு எஞ்சினிலிருந்து ஏற்றிக்கொள்ளலாம் என்று மகன் நினைத்தான். வயர் வேலைக்காரர் ஒருவர் இரண்டு பேட்டரியையும் தடித்த வயரால் நேராக இணைத்துக் கொடுத்தார். "ஒண்ணும் ஆவாதுண்ணாச்சி, ரெண்டும் பன்னெண்டு வோல்ட்தானே" என்றாராம். மூன்றாம் நாள் தீய்ந்த வாடை. லித்தியம் பேட்டரி காலியாக இருக்கும்போது ஈயப் பேட்டரியைப் போல மெல்லக் குடிக்காது, கிடைப்பது அத்தனையையும் ஒரே மூச்சில் இழுக்கும். குட்டியானையின் டைனமோ அவ்வளவு நேரம் முழுச் சக்தியில் ஓடச் செய்யப்பட்டதல்ல, சுருள் கருகிவிட்டது. மோட்டார் ஹோம்காரர்களும் லித்தியத்துக்கு மாறின புதிதில் இப்படி டைனமோக்களைக் கருக்கியவர்கள்தான். நடுவில் டி.சி.-டி.சி. சார்ஜர் என்று ஒரு சின்னப் பெட்டி வைத்தால் அது 20 ஆம்பியருக்கு மேல் இழுக்க விடாது, எஞ்சின் நின்றதும் இணைப்பைத் துண்டித்துவிடும். அது இருந்தால் ஒரு மணி நேரம் வண்டி ஓடினாலே 250 வாட்-மணி ஏறிவிடும், பாதி ராத்திரிக்கு மேல் தாங்கும். சார்ஜ் கன்ட்ரோலரிலும் லித்தியத்துக்குரிய அமைப்பில், 14.4 வோல்ட் சுற்றி வைக்க வேண்டும். ஈயத்துக்கான அமைப்பிலேயே விட்டால் மேல் வோல்ட்டேஜ் ஏறி, உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று அடிக்கடி நிறுத்திவிடும். பேட்டரி முனையை ஒட்டியே ஒரு ஃபியூஸ் கட்டாயம். அதைப் போடாமல் வைக்கோலுக்கு நடுவில் எந்தப் பேட்டரியையும் வைக்கக் கூடாது.

சூடு இன்னொரு எதிரி. சித்திரை வெயிலில் மூடின தார்ப்பாய்க்குள் பேட்டரிப் பெட்டி கை வைக்க முடியாமல் கொதிக்கும். 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றுவது ஆயுளைக் குறைக்கும். மருமகள் பெட்டியைத் தரைப் பலகைக்குப் பக்கத்தில், காற்று போகிற மூலைக்கு மாற்றி, நனைந்த சாக்கை மேலே தொங்கவிட்டாள். பேட்டரி மேலேயே போட்டுவிடவில்லை, ஒரு முழம் தள்ளி. தண்ணீர்ப் பானைக்குச் செய்கிற வேலைதான் இது.

மங்கோலியாவில் ஆடு மேய்க்கிற நாடோடிக் குடும்பங்களுக்கு அந்த நாட்டு அரசாங்கம் 2000-ல் தொடங்கி 2012-க்குள் ஒரு லட்சம் சிறு சோலார் கருவிகளை மானியத்தில் கொடுத்தது. கூடாரத்தோடு கழற்றி, மூட்டை கட்டி, அடுத்த மேய்ச்சலுக்குக் கொண்டுபோகிற மாதிரி சின்னத் தகடும் பேட்டரியும். நம் ஊரில் பம்ப்செட்டுக்கு சோலார் மானியம் இருக்கிறது, வீட்டுக் கூரைக்கு இருக்கிறது. இரண்டுக்கும் பட்டாவோ வீட்டுக் கூரையோ காட்ட வேண்டும். ஊர் ஊராக நகர்கிற கிடைக்காரர் எதைக் காட்டுவார்? அடுத்தவர் நிலத்துக்கெல்லாம் எரு போட்டுக்கொண்டே போகிறவருக்குத் திட்டங்களில் இடம் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

பெரியவருக்குப் புது பேட்டரியில் பிடிக்காத விசயம் ஒன்று இருந்தது. அது நியாயமானதும்கூட. "பழச பாத்தா தெரியும் யய்யா. வெளிச்சம் மஞ்சளடிச்சா விடியப் போவுது, பேட்டரியும் ஓயப் போவுதுன்னு அர்த்தம். இது கடைசி நிமிசம் வரைக்கும் பளிச்சுனு எரிஞ்சிட்டு, பொட்டுனு அணைஞ்சிருது." உண்மைதான். லித்தியம் 80 சதவீதம் இருக்கும்போதும் 40 சதவீதம் இருக்கும்போதும் வோல்ட்டேஜ் 13.3-க்கும் 13.1-க்கும் நடுவில்தான் நிற்கும். வோல்ட் மீட்டரைப் பார்த்து மிச்சத்தைச் சொல்லவே முடியாது. உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று எண்ணிக் காட்டுகிற மீட்டர் தனியாக விற்கிறது. அதைக் கட்டிலிலிருந்து பார்க்கிற மாதிரி வண்டிப் பலகையில் பதித்துக் கொடுத்தான் மகன். தாத்தாவுக்கு வாசிக்கத் தெரியாது, எண் தெரியும். அது போதுமானதாக இருந்தது.

பழைய ட்யூபுலரைக் கழிவாகக் கொடுத்து அதற்கு ஒரு தொகை வாங்கிக்கொண்டார்கள். ஈயத்துக்குச் சந்தை இருப்பதால் அது எளிது. லித்தியம் பேட்டரியின் ஆயுள் முடியும்போது இரும்புக்கடையில் உடைக்கக் கொடுத்துவிடக் கூடாது. 2022-ல் வந்த மத்திய அரசின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, தயாரிப்பாளரே திரும்பப் பெற வழி செய்ய வேண்டும். அதனால் பில்லைப் பத்திரமாக வையுங்கள். பேட்டரி வண்டியில் கழற்றின பழைய செல்களைக் கோத்து 'லித்தியம்' என்று பாதி விலைக்குத் தருபவர்களும் வருகிறார்கள். பில் இல்லாத பெட்டியைக் குழந்தை தூங்குகிற இடத்தில் வைப்பதா வேண்டாமா என்பதை வாங்குகிறவர்தான் யோசிக்க வேண்டும்.

இந்த ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மூடாக்கு. தகட்டிலிருந்து வந்தது நாலில் ஒரு பங்குகூட இல்லை. இரண்டாம் நாள் இரவு மீட்டர் 41 காட்டியது. பெரியவர் மருமகளைக் கூப்பிட்டார். "தாயி, மேக்க ரெண்டு மூலையும் அணைச்சிரு. நாய் கெழக்கருந்துதான் வரும்." ஃபேனையும் நிறுத்தினார்கள், குளிருக்கு அது தேவையுமில்லை. மூன்றாம் நாள் அதிகாலை மழை வலுத்தபோது மகன் சாவியைத் திருகினான். வண்டி முதல் தடவையே கிளம்பியது. மண் இளகுவதற்குள் குடாப்புகளையும் இளம் குட்டிகளையும் ஏற்றி ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். மற்ற ஆடுகளைப் பெரியவர் நடத்திக்கொண்டு வந்து சேர விடிந்துவிட்டது. எண்ணிப் பார்த்ததில் ஒரு ஆடு குறைந்தது. அது பக்கத்துக் கிடையில் கலந்து நின்றதை மத்தியானம் கண்டுபிடித்தார்கள்.